வரி ஓடும், கூட்டம் வரும்

— இல்லீங்க மேடம். நீங்க சொன்னா மாதிரி தெரில. அலையில இருக்கற வரி எல்லாம் பின்னாடிதான் போவுது.

— சரியா பாத்தீங்களா? இன்னொரு கடலைய போட்டுப் பாருங்க.

— மிக்சர்ல கடலையே காலியாயிடும் போல. உங்கம்மா நமக்குன்னு தட்டுல போட்டு அனுப்பினது. பொண்ணு பாக்க வந்தவன் கடலைய பொறுக்கிப் பொறுக்கிக் கெணத்துல போட்டான்னு நாளைக்கு அணைக்கட்டு ஊரு பூரா பேசுவாங்க.

— பொண்ணு பாக்க வந்தது உங்க அண்ணன் ஜெஸ்டனுக்கு. நீங்க அவருக்குப் பதிலா வந்திருக்கீங்க, அவ்ளோதான். உங்களப் பத்தி யாரும் பேச மாட்டாங்க. போடுங்க நெல்வின்.

— அதுவும் வாஸ்தவம்தான். அவனுக்கு சைனாவுல லீவு குடுக்கல. தம்பி போயி பேசிட்டு வரட்டும், இவன் பாத்தா அவன் பாத்த மாதிரின்னு பெரியம்மா என்ன இழுத்துக்கினு வந்துட்டாங்க. இதோ, போட்டாச்சி.

— இப்ப கவனிங்க. வட்டம் வட்டமா அலை ஒரு கூட்டமா வெளிய போவுதில்ல? அத மொத்தமா பாக்காதீங்க. ஒரே ஒரு வரிய கண்ணால புடிச்சிக்கங்க. அது கூட்டத்துக்குள்ள எந்தப் பக்கம் நகருதுன்னு மட்டும் பாருங்க.

— புடிச்சேன். கூட்டத்துக்கு முன்னாடி இருந்துச்சி. இப்ப நடுவுல. இப்ப கடைசிக்கு வந்துடுச்சி. காணோம். முன்னாடி புதுசா ஒண்ணு வந்திருக்கு.

— அப்ப கூட்டம் ஜாஸ்தி வேகம், வரி கம்மி வேகம்.

— அதத்தான அப்போருந்து சொல்றேன். நீங்க இன்னா சொன்னீங்க? வரி பின்னாடி பொறந்து, கூட்டத்துக்குள்ளாரயே ஓடி, முன்னாடி போயி காணாம போவும்னீங்க.

— நான் சொல்லல. புத்தகம் சொல்லுது. தண்ணி அலையில ஒரு வரியோட வேகம் கூட்டத்தோட வேகத்த மாதிரி ரெண்டு மடங்குன்னு போட்டிருக்கு. வரியோட வேகம் ஃபேஸ் வெலாசிட்டி. கூட்டத்தோட வேகம் குரூப் வெலாசிட்டி. திங்கக்கிழமை மூணாவது வருஷம் பொண்ணுங்களுக்கு இத நடத்தி முடிக்கணும்.

— அப்ப புத்தகத்த எழுதினவரு அணைக்கட்டு கெணத்த பாக்கல.

— சிரிக்காதீங்க. இது ரெண்டு வாரமா என்ன தூங்க விடல. காலேஜ் லேப்ல கண்ணாடித் தட்டுல தண்ணி ஊத்தி, சொட்டு சொட்டா விட்டு பொண்ணுங்களுக்குக் காட்டினேன். ஃபிர்தௌஸ்னு ஒரு பொண்ணு, வாணியம்பாடி மண்டித் தெருவுல இருந்து வர்றவ, எழுந்து நின்னு "மிஸ், வரி பின்னாடி போவுது மிஸ்"ன்னா. இப்ப நீங்க சொன்னீங்களே, அச்சு அதே மாதிரி.

— நீங்க இன்னா சொன்னீங்க?

— ஒக்காரு, புத்தகத்துல இருக்கறத எழுதுன்னேன்.

— அய்யய்யோ.

— எங்க ஹெச்.ஓ.டி. ஷபீ அஹமது சார்கிட்ட கேட்டேன். ரொம்ப நல்லவரு. மேசை சாஞ்சிருக்கும்மா, காலுக்கடியில அட்டைய மடிச்சி வைன்னாரு. வெச்சேன்.

— நேரா போச்சா?

— மேசை நேராச்சி. வரி பின்னாடிதான் போச்சி.

— அப்ப ஃபிர்தௌஸ் கரெக்டு.

— பாத்தது கரெக்டு. ஏன்னு தெரியணுமே. நான் படிப்பு சொல்லித் தர்றவ. கண்ணுக்கு எதிர தெரியறத இல்லன்னு சொல்லிட்டு வீட்டுக்கு வந்து சோறு தின்னா எறங்க மாட்டேங்குது.

— நெஜமா சொல்லணும்னா, ரெண்டு வேகம் எப்படி இருக்க முடியும்னே எனக்கு இன்னும் புரியல. வரிங்க எல்லாம் சேந்ததுதான கூட்டம்? உள்ள இருக்கறவன் ஒரு வேகத்துல போயி, மொத்தம் வேற வேகத்துல எப்படிப் போவும்?

— அப்படியும் நடக்கும். நீங்க ஆம்பூர்தான, யோசிச்சிப் பாருங்க.

— இருங்க. காலைல பேசஞ்சர் வந்து நின்னதும், ஷூ கம்பெனி லேடீஸ் ஸ்டேஷன்ல இருந்து கூட்டமா நடப்பாங்க. ரெண்டு மூணு பேரு வெடுக் வெடுக்குன்னு எல்லாரையும் தாண்டி முன்னாடி போவாங்க. போயி இன்னா பண்ணுவாங்க? நின்னு, செட்டு வரட்டும்னு திரும்பிப் பாப்பாங்க. அதுக்குள்ள பின்னாடிலருந்து வேற ரெண்டு பேரு வெடுக் வெடுக்குன்னு வருவாங்க. கம்பெனி கேட்டுக்குப் போற நேரம் மட்டும் ஒண்ணுதான். கூட்டம் எப்ப வருதோ அப்ப.

— அதேதான். இத நான் கிளாஸ்ல சொல்லலாமா?

— தாராளமா. காபிரைட்டு கேக்க மாட்டேன்.

— இன்னொண்ணு கவனிங்க. அந்த கடலை மெதக்குது பாருங்க. எத்தன வரி அதுக்கடியில போச்சி? கடலை எங்கயாவது போச்சா?

— இல்ல. மேல ஏறி கீழ எறங்கி, நின்ன எடத்துலயே நிக்குது.

— வரி ஓடறதால ஒண்ணும் வந்து சேராது. அலையோட பலம், அது கொண்டுவர்ற செய்தி, எல்லாம் கூட்டத்தோட வேகத்துலதான் வரும்.

— செய்தின்னதும் ஞாபகம் வருது. நான் இங்க பாடம் படிக்க வரல மேடம். உங்க பதில வாங்கிக்கினு போவணும். பெரியம்மா அது இல்லாம சுமோவுல ஏற மாட்டாங்க.

— தெரியும். கல்யாணத்துக்கு சரியா இல்லயான்னு இன்னிக்கு சொல்லிடணும்னு எங்கப்பாவும் சொல்லிட்டாரு.

— உங்களுக்கு ஜெஸ்டனப் பத்தி ஏதாவது கேக்கணும்னா என்ன கேளுங்க. ஒரே வீட்ல வளந்தோம். எங்கம்மா போனப்புறம் பெரியம்மாதான் என்ன வளத்தாங்க. அவனுக்கு எந்தப் பல்லு சொத்தைன்னு கூட தெரியும்.

— நெல்வின், டேய், இன்னாடா பண்ற அங்க? கெணத்து மேட்டுல எட்டிப் பாத்துக்கினு, புள்ளைய பயமுறுத்திக்கினு.

— ஒண்ணுமில்ல பெரியம்மா. மேடம் அலை பாடம் எடுக்கறாங்க.

— ஸ்தோத்திரம். பாடமா? பேசிட்டு வாங்கன்னு அனுப்பினா பாடம் எடுத்துக்கினு இருக்கீங்களா ரெண்டு பேரும்? ஜெனிஃபா கண்ணு, இவன் வாய் ஓயாது, நீ தப்பா எடுத்துக்காத. இவன்தான் என் தங்கச்சி புள்ள. ஆம்பூர்ல தோல் கம்பெனில ஃபினிஷிங் பாக்கறான். இவனுக்கும் ஒரு பொண்ண பாத்துட்டா என் வேல முடிஞ்சிது.

— வாங்க ஆன்ட்டி, ஒக்காருங்க.

— ஒக்கார மாட்டேன் கண்ணு. உள்ள உங்கப்பா வாத்தியாரு பைபிள்லருந்து ஒரு வசனம் எடுத்து, அதுலருந்து இன்னொரு வசனத்துக்குப் போயிட்டாரு. காபி குடிச்சி முடிக்க விடல. நான் சொல்ல வந்தது இன்னான்னா, டிசம்பர் கடைசி வாரத்துல நம்ம சர்ச் ஹால் காலியா இருக்குதாம். பாஸ்டர் ஐயருகிட்ட சொல்லி வெச்சிட்டேன். பிரியாணி மாஸ்டர்கிட்டயும் காதுல போட்டுட்டேன்.

— பெரியம்மா, அவங்க இன்னும் பதிலே சொல்லல.

— நீ சும்மா இர்றா. பாஸ்டரம்மா மூலமா போட்டோ குடுத்தனுப்பினேன். மறுநாளே சரின்னு சொல்லி அனுப்பிடுச்சி இந்தப் பொண்ணு. இதுக்கு மேல இன்னா பதிலு? நீ சரின்னு சொன்னதானே கண்ணு?

— சொன்னேன் ஆன்ட்டி.

— ஸ்தோத்திரம். இருந்தாலும் நேர்ல ஒரு வார்த்த உன் வாயால கேட்டுட்டா எனக்கு நிம்மதி. இப்ப வேணாம். பேசிட்டு நெதானமா வா. மூஞ்சிய பாத்ததுமே முடிவு பண்ணிட்டேன், நீ எங்க வீட்டுக்கு வர்ற பொண்ணு. டேய், எட்டிப் பாக்காத. மழ பேஞ்சி கெணறு தளும்பி நிக்குது.

— போறாங்க. ஹால், பிரியாணி, எல்லாம் ஓடிப்போயி முன்னாடி நிக்குது. பாத்தீங்களா, உங்க ஃபேஸ் வெலாசிட்டி.

— பாடம் புரிஞ்சிடுச்சி உங்களுக்கு.

— இப்பவாவது கேளுங்க, ஜெஸ்டனப் பத்தி.

— கேக்கறேன். அவரு போன்ல ரெண்டு மூணு தடவ பேசினாரு. நாம பேசினா அங்க போயி சேர ஒரு நிமிஷம் ஆவுற மாதிரி, நான் ஒரு கேள்வி கேப்பேன், அவரு முந்தின கேள்விக்கு சரி சரிம்பாரு. இந்த அலை விஷயத்த அவர்கிட்டயும் சொன்னேன்.

— இன்னா சொன்னான்?

— "சூப்பருங்க"ன்னாரு. அப்புறம் அங்க குளுரு ஜாஸ்தின்னாரு. அதுக்கு முன்னாடி ஒருத்தர் பாக்க வந்தாரு, ராணிப்பேட்டை இன்ஜினியர். அவரையும் இதே கெணத்துக்குத்தான் கூட்டிக்கினு வந்து கடலை போட்டேன். புத்தகத்துல எப்படியோ அப்படியேதான் தெரியுதுன்னாரு. பாக்கவே இல்ல. செருப்புல சேறு ஆவுதான்னு பாத்துக்கினு இருந்தாரு.

— அப்ப இது பரீட்சையா?

— ஆமா. பொண்ணு பாக்க வர்றவங்களுக்கு நான் வெக்கிற பரீட்ச. பாட்டு பாடத் தெரியுமா, சமையல் தெரியுமான்னு என்ன கேக்கறாங்க இல்ல. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கண்ணுல தெரியறத அப்படியே சொல்லுவீங்களா, இல்ல நான் சொல்றதுக்குத் தலையாட்டுவீங்களா?

— நான் பாஸா?

— நீங்க பரீட்சைக்கு வரலயே. உங்க அண்ணன்தான வரணும்.

— அதுவும் சரி. நெஜமா சொல்லணும்னா எனக்கு அது தொழில் புத்தி மேடம். காலைலருந்து சாயங்காலம் வரைக்கும் தோலத் திருப்பித் திருப்பி பாக்கற வேல. இல்லாத கறைய இருக்குன்னு சொன்னாலும் திட்டு, இருக்கற கறைய இல்லன்னு சொன்னாலும் திட்டு. பாத்துப் பாத்து கண்ணு பொய் சொல்லாம பழகிடுச்சி.

— சரி, ஜெஸ்டன் எப்படிப்பட்டவரு? நல்ல விஷயம் ஒண்ணு சொல்லுங்க.

— நல்லவன். அதுல டவுட்டே வேணாம். கேளுங்க. எங்க தங்கச்சி கேத்தரின் கல்யாணத்துல நான் மாப்பிள்ளைத் தோழன். எல்லாரும் கோட்டு சூட்டுல நிக்கறாங்க, எனக்கு கோட்டு கெடையாது. வாடகைக்கு எடுத்து வெச்சது வந்து சேரல, ஒரே பேஜாரு. ஜெஸ்டன் காலைலருந்து சைனாவுல தெச்ச நீலக் கோட்ட போட்டுக்கினு சர்ச் பூரா சுத்திக்கினு இருந்தான். என்ன பாத்தான். ஒரு வார்த்த பேசல. கழட்டி எனக்கு மாட்டி விட்டுட்டு வெறும் சட்டையோட நின்னான். போட்டோ எல்லாத்துலயும் வெறும் சட்டதான். அந்த மாதிரி ஆளு.

— அந்த நீலக் கோட்டு அவரோடதா?

— ஆமா. உங்களுக்கு வந்த குரூப் போட்டோ கூட அன்னிக்கு எடுத்ததுதான்.

— அன்னிக்கு எடுத்ததா.

— இன்னா மேடம், எழுந்துட்டீங்க? ஏதாவது தப்பா சொல்லிட்டனா?

— இல்ல. தள்ளிக்கங்க.

— எதுக்கு? அய்யய்யோ, அம்மாம் பெரிய கல்ல எதுக்குத் தூக்கறீங்க? குடுங்க, நான் போடறேன்.

— வேணாம். எனக்கு இப்ப பெருசா ஏதாவது தூக்கிப் போடணும் போல இருக்கு. தள்ளுங்க.

— என் சட்ட பூரா தண்ணி. மேடம், பொண்ணு பாக்க வந்தவங்கள நனைக்கறது உங்க ஊரு பழக்கமா? ... மேடம். மேடம், இங்க பாருங்க. கெணத்துல பாருங்க.

— என்ன?

— வரி முன்னாடி போவுது.

— எங்க?

— அதோ, அந்தப் பக்கம் படிக்கட்டு கிட்ட. பட்டை பட்டையா போவுது பாருங்க. கடைசியில ஒண்ணு கெளம்புது, நடுவுக்கு வருது, முன்னாடி ஓடுது, போச்சி. அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு. புத்தகத்துல இருக்கற மாதிரியே.

— இருங்க இருங்க. பேசாதீங்க. ஆமா. ஆமா, முன்னாடிதான் போவுது. ஒரு சின்னக் கல்லு போடுங்க. கடலை இருக்கா? கடலைய போடுங்க.

— கடைசி கடலை. போட்டாச்சி. இது பின்னாடி போவுது.

— ஒரே கெணறு. ஒரே தண்ணி. பெருசுக்கு ஒரு மாதிரி, சின்னதுக்கு ஒரு மாதிரி. அட கடவுளே, நான் எவ்ளோ பெரிய மக்கு.

— மேசை காலுக்கு அட்ட வெச்ச ஷபீ சார் இருக்காரு, துணைக்கு.

— கவனிங்க. பெரிய அலை மேடாவும் பள்ளமாவும் இருக்குதில்ல, அந்த மேட்ட கீழ இழுத்து சமமாக்கறது எது? பூமியோட இழுப்பு. புத்தகம் சொல்றது அந்த அலைய. அதுல வரிக்கு ரெண்டு மடங்கு வேகம். சின்ன அலைக்கு பூமி எல்லாம் வேணாம். தண்ணி மேல ஒரு தோல் மாதிரி இழுத்துக் கட்டினாப்ல இருக்கும், அதுவே இழுத்து சமமாக்கிடும். பரப்பு இழுவிசை. அங்க கணக்கு தலைகீழ. கூட்டம்தான் ஒன்றரை மடங்கு வேகம், வரி பின்தங்கிடும். இந்த சூத்திரத்த நான் எம்.எஸ்ஸில எழுதி மார்க் வாங்கினவ. கடலைய போட்டுட்டு மலைக்கு இருக்கற சட்டத்தப் போட்டுப் பாத்துக்கினு இருந்திருக்கேன்.

— தோல்னு சொன்னீங்களே, அது என் டிபார்ட்மெண்ட். முன்னயே சொல்லியிருந்தா நானே கண்டுபுடிச்சிருப்பேன்.

— லேப் தட்டு சின்னது. அதுல வர்ற அலை எல்லாம் கட்டைவிரல் அகலம் கூட இல்ல. ஃபிர்தௌஸ் பாத்தது சரி. புத்தகமும் சரி. நான் சொன்னதுதான் தப்பு. திங்கக்கிழமை போனதும் மொதல்ல அவள எழுப்பி நிக்க வெச்சி, நீ சொன்னதுதான்டி சரின்னு எல்லார் முன்னாடியும் சொல்லிடுவேன்.

— நடுவுல இன்னா ஆவும்? பெருசும் இல்லாம, சிறுசும் இல்லாம?

— நல்ல கேள்வி. கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு அளவு இருக்கு. அந்த ஒரு எடத்துல மட்டும் வரியும் கூட்டமும் ஒரே வேகம். யாரும் யாரையும் தாண்ட மாட்டாங்க, யாரும் பின்தங்க மாட்டாங்க.

— அது நல்லா இருக்கு.

— எனக்கு சந்தோஷமா இருக்கு நெல்வின். ரெண்டு வாரமா ஒரு கல்லு நெஞ்சில இருந்துச்சி. அதத்தான் தூக்கி உள்ள போட்டேன் போல.

— என் நெஞ்சில ஒண்ணு இருக்கு மேடம். அதயும் போட்டுடட்டுமா?

— போடுங்க.

— நெஜமா சொல்லணும்னா... இத்தன நேரம் சும்மா பேச்சுக்கு சொன்னேன், இப்பதான் நெஜமாவே சொல்றேன். நேத்து ஜெஸ்டன் எனக்குத் தனியா போன் பண்ணான். அங்க அவன் ஆபீஸ்ல ஒரு கோட்டயத்துப் பொண்ணு. ரெண்டு வருஷமா பழக்கம். அவளத்தான் கட்டிப்பானாம். பெரியம்மாகிட்ட சொல்ல தைரியம் இல்ல. "நீ போயி பாத்துட்டு, பொண்ணுக்குத் திமிரு ஜாஸ்தி, நமக்கு ஒத்துவராதுன்னு சொல்லிடு, தானா நின்னுடும்"ன்னான்.

— அப்ப அதச் சொல்லத்தான் வந்தீங்களா?

— வரும்போது அப்படித்தான் நெனச்சிக்கினு வந்தேன். அண்ணன் கேட்டான், கோட்டு குடுத்தவன், ஒரு பொய்தானன்னு. கடலை போட ஆரம்பிச்சதும் முடியாதுன்னு தெரிஞ்சிபோச்சி.

— ஏன், எனக்குத் திமிரு இல்லயா?

— இருக்கு. ஆனா அது குத்தம் சொல்ற மாதிரி திமிரு இல்ல. தோல்ல இல்லாத கறைய இருக்குன்னு என்னால எழுத முடியாது. நீங்க இவனுக்காக போட்டோ பாத்து சரின்னு சொல்லி, வீட்ல பலகாரம் செஞ்சி, பட்டுப்புடவ கட்டிக்கினு நிக்கறீங்க. எனக்கு அவமானமா இருக்கு. மன்னிச்சிடுங்க.

— எனக்கு வருத்தம் இல்ல நெல்வின்.

— மனசுக்குள்ள இல்லாம எப்படி இருக்கும்?

— இல்லன்னு சொல்றேன்ல. தெரியறத அப்படியே சொல்ற ஆளுதான நீங்க, என் மூஞ்சிய பாத்து சொல்லுங்க. வருத்தம் தெரியுதா?

— தெரில. சிரிக்கற மாதிரி இருக்கு.

— அவரு குரலு ஒரு மாதிரி இருந்துச்சி. போட்டோல பாத்த மூஞ்சிக்கும் அதுக்கும் ஒட்டவே இல்ல. போன வெச்சிட்டு போட்டோவ எடுத்துப் பாப்பேன். இந்த ஆளா சூப்பருங்க சூப்பருங்கங்கறான்னு தோணும். ரெண்டும் ஒரே ஆளுதான், நமக்குத்தான் புரியலன்னு நெனச்சிக்கினேன். இன்னிக்கு உங்கள பாத்ததும் அண்ணன் ஜாடை அப்படியே இருக்குன்னு நெனச்சேன்.

— எனக்கு இப்ப நீங்க பேசறது புரியல மேடம்.

— புரியும். உங்க பெரியம்மா வர்றாங்க. மொதல்ல அவங்ககிட்ட உள்ளத உள்ளபடி சொல்லுங்க.

— நானா? இப்பவா?

— கண்ணுல தெரிஞ்சத சொல்றவரு காதுல கேட்டதயும் சொல்லணும்.

— இன்னாடா நெல்வின், சட்ட பூரா ஈரம்? கெணத்துல எறங்கினியா? ஜெனிஃபா கண்ணு, கெளம்பற நேரம் ஆச்சி. உன் வாயால ஒரு வார்த்த சொல்லிட்டீன்னா ஜெபம் பண்ணிட்டு வண்டி ஏறிடுவேன்.

— பெரியம்மா, நான் ஒண்ணு சொல்லணும். கத்தாம கேளு.

— கத்தாமன்னு சொல்லும்போதே கத்தணும் போல இருக்கு. சொல்லு.

— ஜெஸ்டனுக்கு இந்தக் கல்யாணம் வேணாமாம். அங்க ஒரு பொண்ண மனசுல வெச்சிருக்கான். கோட்டயம். உன்கிட்ட சொல்ல பயந்துக்கினு, இவங்க மேல ஏதாவது குத்தம் சொல்லி நிறுத்தச் சொன்னான். நான் சொல்ல மாட்டேன். இவங்க மேல ஒரு குத்தமும் இல்ல.

— ஸ்தோத்திரம்... கோட்டயமா? எந்த சர்ச்சு?

— சர்ச்சுக்கு எல்லாம் ஒழுங்கா போற பொண்ணுதான் பெரியம்மா. அவன்தான் அவளால இப்ப வாராவாரம் போறானாம்.

— அத மொதல்லயே சொல்லித் தொலைக்க இன்னா கேடு? நான் இன்னா புலியா, கடிச்சித் தின்னுடுவனா? எத்தன தடவ கேட்டேன், யாராவது இருக்காங்களாடான்னு. அவன போன்ல வெச்சி கிழிக்கறேன் ராத்திரிக்கு. அது கெடக்கட்டும். இப்ப இந்தப் பொண்ணுக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்? உள்ள வாத்தியாரு மூஞ்சில எப்படி முழிப்பேன்?

— ஆன்ட்டி, அழாதீங்க.

— அழாம இன்னா பண்றது கண்ணு. ஹால் போனா போவுது, பிரியாணி போனா போவுது. நீ மனசார சரின்னு சொல்லிட்டியே. சொல்லிட்டு பத்து நாளா காத்துக்கினு இருந்தியே. இந்த வயசுல ஒரு பொண்ணு மனசுல ஆசைய வெச்சிட்டு, இப்ப இல்லன்னு எப்படிச் சொல்லுவேன்? நீ போட்டோல பாத்து சரின்னு சொன்ன புள்ளைய எங்கருந்து கொண்டாந்து உன் முன்னாடி நிறுத்துவேன்?

— எங்கயும் போவ வேணாம் ஆன்ட்டி. நீலக் கோட்டு போட்ட பையன்தான் மாப்பிள்ளைன்னு பாஸ்டரம்மா போட்டோல வெரல வெச்சி காட்டுனாங்க. நான் சரின்னு சொன்னது, அந்தக் கோட்ட மாட்டிக்கினு நின்ன இவர பாத்து.